வேலை வைக்காத விருந்தாளிகள்

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த மீசைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். படுக்கை ஏற்கெனவே விரித்தாகிவிட்டது. போர்வையின் நாலு மூலையும் கப்பல்காரர்கள் மடிக்கிற மாதிரியே மடித்து மெத்தைக்கடியில் செருகியிருந்தது.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"நாந்தான் தம்பி. சரியா வந்திருக்கா?" என்றாள் அந்த அம்மாள். அறுபதை நெருங்கும் வயது. பால்கனி நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்த அவள் கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சரியாகத்தான் வந்திருந்தது. அதுதான் மீசைக்காரருக்கு இடித்தது. அந்த மடிப்பு கைக்கு வர அவருக்கே ஒரு மாதம் பிடித்தது.

அந்த உல்லாசக் கப்பலில் ஆறாம் தளத்துப் பதினாறு அறைகளும் அவர் பொறுப்பு. பெருக்கித் துடைத்து, துண்டு மாற்றி, படுக்கை விரிக்க வேண்டும். நேற்று மாலை ஏறிய இந்தத் தம்பதி மட்டும் அவரை எதையும் தொட விடவில்லை. குளியலறையைக்கூடப் பெரியவரே அலசிவிட்டிருந்தார்.

வெளியே வந்து, அழுக்குத் துணி எடுக்க வந்த சலவைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"போச்சு போ!" என்றார் சலவைக்காரர். "ஊர் சுத்த வந்த இடத்துல எவனாவது கக்கூஸ் கழுவுவானா? கம்பெனி ஆளுங்கய்யா அவங்க. பயணி மாதிரி வந்து நமக்கு மார்க் போடுவாங்க. போன வருஷம் சமையல்கட்டுல ரெண்டு பேரு சீட்டு அப்படித்தான் கிழிஞ்சுது."

மீசைக்காரருக்கு மகள் நினைப்பு வந்தது. வீட்டில் பெரிய பெண் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். அது முடிகிற வரைக்குமாவது இந்த வேலை நிற்க வேண்டும்.

அன்று கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாது. நாள் முழுக்கக் கடல்தான். மற்ற பயணிகள் எல்லாம் நீச்சல் குளம், பாட்டு, ஆட்டம் என்று மேல்தளத்தில் கிடக்க, இந்த இருவரும் அறையை விட்டு அசையவே இல்லை.

பதினோரு மணிக்குத் துண்டு கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். இருவரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து ஒரே ஆப்பிளைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். டிவியில் படம் இல்லை. கப்பல் போகும் வழியைக் காட்டும் வரைபடம் ஓடியது. பெரியவர் மடியில் ஒரு காகிதம். அதில் வரிசையாக எண்கள்.

மார்க்கேதான்!

"உட்காருங்க தம்பி."

"ஐயோ, கூடாதும்மா. எங்களுக்கு ரூல் இருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா."

"கீழ நீங்க படுக்கிற இடம் எப்படி? மூச்சு முட்டுமா?"

"பழகிப்போச்சும்மா. ரூமுக்கு ரெண்டு பேரு. எனக்கு மேல் கட்டில்."

அவள் சட்டென்று கணவரைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "இந்தக் கப்பலுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஏழு மாசம்."

"ஆமா, ஏழு மாசம்," என்றாள் அவள்.

மீசைக்காரருக்குச் சுருக்கென்றது. இவள் எதற்கு ஆமாம் போடுகிறாள்? என் ஃபைலையே புரட்டிவிட்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறதே!

அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற அறைகளில் துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தார்.

நாலே முக்காலுக்கு அந்த அறையிலிருந்து போன் வந்தது. "தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா?"

போனார். பெரியவர் தேய்த்த சட்டைக்கு மாறியிருந்தார். அம்மாள் தலைவாரிப் புதுப் புடவை கட்டியிருந்தாள். இருவரும் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். பெரியவர் ஒரு கண்ணை டிவியிலும் ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்திலும் வைத்திருந்தார். அதே காகிதம் கையில்.

மீசைக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஐயா, எம்மேல குறை இருந்தா நேராச் சொல்லிடுங்க. திருத்திக்கிறேன். மார்க்கைக் குறைச்சுப் போட்டு மேல அனுப்பிடாதீங்க. பொண்ணு படிச்சிட்டிருக்கு."

"மார்க்கா?" பெரியவர் விழித்தார். "என்ன மார்க்கு?"

மீசைக்காரர் காகிதத்தைக் காட்டினார். பெரியவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காகிதத்தை அவரிடமே நீட்டினார்.

"கம்பெனியிலேர்ந்து எங்களுக்கு வந்த லெட்டர்ல இருந்த நம்பர்ப்பா இது. கடல்ல ஒரு இடம். இன்னும் நாலு நிமிஷத்துல கப்பல் அதைத் தாண்டப்போகுது. கூட ஒருத்தர் நின்னா நல்லாருக்கும்னு இவ சொன்னா. அதான் கூப்பிட்டோம்."

மேல்தளத்தில் யாரோ கைதட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கப்பல் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரை நீலம். தீவு இல்லை, திட்டு இல்லை, ஒரு படகுகூட இல்லை.

"வெறும் தண்ணிதானே ஐயா? அங்க என்ன இருக்கு?"

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் மீசைக்காரரின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டாள்.

"உனக்கு முன்னாடி இந்த ரூமைப் பெருக்கின எங்க பையன் இருக்கான்ப்பா."