கடைசிச் சக்கரம்

குழாயில் ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அவள் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் ஆயிலோடு சேர்ந்து, குமிழிகள் ஜவ்வரிசி மாதிரி பொடிப்பொடியாக நகர்ந்து, கீழே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் விழுந்தன.

"காத்து வருதா புள்ள?"

செங்கல்லில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து கணவன் கேட்டான்.

"வருது மச்சான்."

"நிக்கிற வரைக்கும் விடு. நின்னதும் திருகாணிய இறுக்கு. ரொம்ப முறுக்கிராத மைமூன், ஒடிஞ்சிரும்."

அவன் குவைத்தில் மெக்கானிக். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்தவன், சோற்றுப் பொட்டலத்தைக்கூடத் திறக்காமல், மேல்கட்டிலில் குப்புறப் படுத்தபடி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவர் கையில் நேற்றுத்தான் அந்தக் கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தான். கைப்பம்பு வைத்த பெரிய பாட்டில். அதில் ஆயிலை ஊற்றி, பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவின் வாயில் மாட்டி, காற்றடித்தால் போதும். அழுத்தமே ஆயிலைச் சக்கரம்வரை தள்ளும். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க இன்னொரு ஆள் வேண்டியதில்லை.

பெட்டியைப் பிரித்ததும் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அத்தா வரல. பம்பு வந்திருக்கு."

அதோடு உள்ளே போய்விட்டாள்.

நாளைக் காலை அவளைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் கொண்டு விட வேண்டும். நான்கு மணி நேர ஓட்டம். நான்தான் ஓட்டிக்கொண்டு போய் விடுவேன் என்று, அவள் பத்தாவது படிக்கும்போதிலிருந்தே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை முதலாளி லீவு இல்லை என்றுவிட்டார்.

அன்றிலிருந்து மகள் அவனோடு பேசவில்லை.

போனை நீட்டினால் தலையணைக்கு உறை மாட்டுவாள். மடித்த துணியை எடுத்து மறுபடி மடிப்பாள்.

அவனும் அவளைக் கூப்பிடச் சொல்வதை விட்டுவிட்டான். பிரேக்கைப் பற்றி மட்டும் கேட்டான். மிதித்தால் கால் எவ்வளவு உள்ளே போகிறது? எத்தனை தரம் மிதித்தால் பிடிக்கிறது? பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அதை வெளியேற்றினால்தான் பிரேக் சரியாகப் பிடிக்கும் என்றான்.

நாளை ஓடப்போகும் வண்டியில் அவனுடைய பங்கு இது ஒன்றுதான்.

மெக்கானிக் கடை அடுத்த தெருவில் இருந்தது. மைமூன் போகவில்லை.

பின்சக்கரம் இரண்டும் முடிந்தன. முன்னால் இடப்பக்கமும் முடிந்தது. கடைசியாக, ஓட்டுகிறவர் பக்கத்துச் சக்கரம். போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தபோது திரையில் அவன் முகம் அப்படியே நின்றுவிட்டது.

வாய் பாதி திறந்திருந்தது. ஒரு விரல் மேலே தூக்கியிருந்தது.

காத்திருந்தாள்.

தாடியில் ஓரமாக நரை இருந்தது. போன தடவை வந்தபோது இல்லை. பேசும்போது இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

திரையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கன்னத்தில் ஆயில் ஒட்டியது. முந்தானையால் துடைத்தாள்.

முகம் அசையவில்லை. வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்பானரை எடுத்தாள். மூன்று தரம் செய்த கை தானாகவே போனது. இரண்டே இரண்டு குமிழி. பிறகு தெளிந்த ஆயில். இறுக்கினாள். பம்பில் மிச்சமிருந்த காற்றைத் திறந்துவிட்டாள். உள்ளே ஏறி மிதித்துப் பார்த்தாள்.

கல் மாதிரி நின்றது.

மகள் டிக்கியில் வைக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சு."

அப்போது போனுக்கு உயிர் வந்தது.

"ஹலோ... ஹலோ... இந்த ரூமு நெட்டு ஒரு சனியன். இப்பக் கேக்குதா? மொட்டை மாடிக்கு வந்துட்டேன்."

அவனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வானம் வெள்ளையாகக் காய்ந்தது. செருப்பு போட மறந்திருக்க வேண்டும். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். படம் ஆடியது.

"அவசரப்படாத. கடைசிச் சக்கரந்தான் முக்கியம். நான் சொல்லச் சொல்லச் செய்யி."

அவள் மகளைப் பார்த்தாள்.

பொய் அவளுக்கு வராது. கடைக்காரர் தவறுதலாக ஒரு முட்டை கூடக் கொடுத்துவிட்டால், திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள்.

"இன்னும் தொடங்கல மச்சான்," என்றாள். "நீங்க சொல்லுங்க."

படைத்தவன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான் என்று நம்பினாள்.

பம்பை மறுபடி அடித்தாள். குழாயை மாட்டினாள். ஸ்பானரை வைத்தாள்.

"கால்வாசி மட்டும் சுத்து. அவ்வளவுதான். ஆங், அப்படித்தான்."

ஆயில் வந்தது. கண்ணாடி மாதிரி, ஒரு பொட்டுக் குமிழிகூட இல்லாமல்.

"காத்து வருதா? வெயிலு கூசுது, எனக்கு ஒண்ணும் தெரியல. வருதா புள்ள?"

அவள் வாயைத் திறந்தாள். முதல் பொய் எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை.

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். குழாயின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், ஒன்றுமே இல்லாத அந்த ஆயிலைப் பார்த்தாள்.

"வருதுத்தா," என்றாள். "நெறய வருது. போன வச்சிராதீங்க."