கூஜா இல்லாத மேடை

“இன்னைக்கு அந்தத் தட்டுல அடி விழணும். விழலைன்னா, நாளையிலிருந்து உன் டிரம்மை வீட்டுல வச்சுத் துணி ஊறப்போட்டுக்க!”

நடன அரங்கில் ஒத்திகை. கத்தியவர் சார்ஜண்ட். பட்டாளத்தில் வாங்கிய மூன்று பதக்கங்களையும் பேண்டு கோட்டில் குத்திக்கொண்டு, முன்னால் நின்று டிரம்பெட் ஊதுபவர். குழுவுக்குத் தலைவர். பக்கத்தில் அரங்கச் செயலாளர் நின்றதால் குரல் ஒரு சுற்று தூக்கல்.

வாங்கிக் கட்டிக்கொண்டவர் கடைசி வரிசை டிரம்காரர். அவரும் அதே பட்டாளம்தான், ஆனால் சமையற்கூடம். வாரம் முழுக்கப் பட்டறையில் லேத் மெஷினோடு மல்லுக்கட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் டிரம் முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சே வரும். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘டமாரம்’.

விஷயம் இதுதான். கடைசிப் பாட்டில் டிரம்பெட் உச்சிக்கு ஏறி நின்றதும், டமாரம் பெரிய பித்தளைத் தட்டில் ஒரே போடு போட வேண்டும். போன ஆண்டு விழாவில் போட்டார். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டில் நின்றுபோன கடிகாரம் ஓட ஆரம்பித்தது என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். அதற்குப் பிறகு ஒரு வருஷமாக, அந்த இடம் வந்தால் கை அந்தரத்திலேயே நின்றுவிடுகிறது.

“செத்த எலியை வாலைப் பிடிச்சுத் தூக்கிப் போட்ட மாதிரி முடியுதய்யா பாட்டு,” என்றார் செயலாளர்.

“சத்தம்னா இவனுக்குப் பயம் சார். நான் குண்டு மழையில குடையில்லாம நின்னவன். இவன் அண்டா கவிழ்ந்தாலே கட்டிலுக்கு அடியில போறவன்!”

குழு சிரித்தது. டமாரம் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு. மேடையில தண்ணிக் கூஜா இருக்கக் கூடாது. போன வருஷம் தட்டுல அடிச்ச கையோட கூஜாவை என் மேல கவுத்தானே, மறந்துடுச்சா? இடுப்புக்குக் கீழே தொப்பலா நனைஞ்சு நின்னேன். ஊரே சிரிச்சுது!”

“கூஜா ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே, சார்ஜண்ட்.” அப்போதுதான் டமாரம் வாயையே திறந்தார்.

“கூடாதுன்னா கூடாதுடா!”

சாயங்காலம் அரங்கில் எள் போட இடமில்லை. இடைவேளையில் டமாரத்தின் மனைவி மேடை ஓரமாக வந்தாள்.

“அடிச்சுடுங்க. இதுவும் போச்சுன்னா சனிக்கிழமை ஆனா வீட்டுல என் பாத்திரங்கதான் அடி வாங்கும்.”

அவர் சிரிக்கவில்லை.

கடைசிப் பாட்டு. டிரம்பெட் படிப்படியாக ஏறியது. ஆடியவர்களின் கால்கள் வேகம் பிடித்தன. மேடையில் டிரம்காரருக்கு மட்டும்தான் எல்லோருடைய முதுகும் தெரியும். டமாரம் சார்ஜண்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரம்பெட் உச்சியில் நின்றது. டமாரத்தின் வலது கை உயர்ந்தது. செயலாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். குச்சி இறங்கியது.

அதே நொடியில் இடது கை பாய்ந்து தட்டின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

‘தப்’.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. சார்ஜண்ட் திரும்பினார். முகம் ஜிவுஜிவு என்றிருந்தது.

“பயந்தாங்கொள்ளி! பட்டாளத்துக்கே அவமானம்டா நீ! இறங்கு கீழே!”

டமாரம் இறங்கினார்.

வெளியே வந்து டிரம்மை சைக்கிளில் வைத்துக் கட்டும்போது, மனைவிக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

“குச்சி இறங்கினதை நான் பார்த்தேன். எதுக்குத் தட்டைப் பிடிச்சீங்க? அப்படி என்னங்க பயம் உங்களுக்கு?”

அவர் திரும்பிப் பார்த்தார். உள்ளே செயலாளர் சார்ஜண்டின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு.”

“பண்ணிட்டேன். சொல்லித் தொலைங்க.”

“போன வருஷம் தட்டு அலறினதும், பாவம் மனுஷன், குண்டுதான் விழுந்துடுச்சுன்னு நடுங்கி, நின்ன இடத்துலேயே கால்சட்டையை நனைச்சுட்டார். பின்னால இருந்த நான் மட்டும்தான் பார்த்தேன். சட்டுனு கூஜாவை எத்திவிட்டேன்.”

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“இன்னைக்குத்தான் கூஜாவை வைக்க விடலையே!”