தாமதத்துக்குக் காரணம்

தன்னுடைய மரண அறிவிப்பைத் தானே எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார் டிரைவர்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூட வேலை பார்த்த மெக்கானிக் போன வாரம் போய்ச் சேர்ந்தார். அவருடைய பிள்ளைகள் பத்திரிகையில் போட்டிருந்த அறிவிப்பைப் படித்ததிலிருந்துதான் இந்த அரிப்பு. ‘எளிமையானவர், எல்லோருக்கும் நல்லவர்’ என்று இருந்தது. மேலே இருக்கிற படத்தை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். தன் பிள்ளைகளும் அதையேதான் போடுவார்கள் என்று டிரைவருக்குப் பட்டது.

கண்டக்டரின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். திருத்தமாக ஒரு படி எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால், நேரம் வரும்போது பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கட்டும்.

“பொறக்கும்போது நம்மளை யாரும் கேக்கல, போகும்போதாவது நம்ம இஷ்டத்துக்குப் போவோம்னு பாக்கறீங்களா அண்ணே?” என்று கண்ணாடியை மாட்டினார் கண்டக்டர்.

தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வயதைத் தாராளமாக எண்பத்தெட்டு என்று டிரைவரே போட்டிருந்தார். எண்பத்தெட்டு போதுமா, இன்னும் நாலு கூட்டிக்கொள்ளலாமா என்று விசாரித்துவிட்டு மேலே படித்தார் கண்டக்டர்.

இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே வழித்தடத்தில், ஓய்வு பெறும் வரை இருபத்தாறு வருடம் ஓடியவர்கள். கண்டக்டருக்கு டிப்போ முழுக்க ‘ஆமை’ என்றுதான் பெயர். டிக்கெட் கொடுப்பதில் கை மந்தம், அதனால்தான் வண்டி நேரத்துக்கு வருவதில்லை என்று பேச்சு. செக்கிங் இன்ஸ்பெக்டர் பதவி இரண்டு முறை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனதும் அதனால்தான். டிரைவருக்கோ மேனேஜர் கையால் சான்றிதழ்: ‘இவரால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஏற்பட்டதில்லை.’ இன்றும் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

மூன்றாவது வரிக்கு வந்த கண்டக்டர், பேனாவை எடுத்து ஒரே இழுப்பாக அடித்துவிட்டார்.

‘தன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஏற்பட விடாதவர்’ என்ற வரி அது. டிரைவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.

“ஏம்பா, நான் சம்பாதிச்சதே அந்தப் பேருதானே?”

“அதுக்குப் பதிலா, ஓடி வர்றவங்களுக்காக வண்டிய நிப்பாட்டினவர்னு போடுவோம்.”

டிரைவருக்கு முகம் சுண்டிவிட்டது. அது ஒரு பெருமையா? விதிப்படி பார்த்தால் தப்பு. ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வேலை முடிந்து ஓடி வரும் நர்சம்மா, முதுகில் பை குதிக்கக் குதிக்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பக்கக் கண்ணாடியில் பார்த்துவிட்ட பிறகு வண்டியை எடுக்க அவருக்கு மனசு வராது. பாலம் தாண்டியதும் ஒரு மிதி மிதித்து அந்த நேரத்தை ஈடுகட்டிவிட்டதாக நம்பிக்கை. வாட்ச் கட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு இடைஞ்சல் என்பார். நேரம் பார்ப்பது, நடைக்கு நடை அதைக் குறிக்கிற டிரிப் ஷீட் எழுதுவது, டிப்போவில் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் கண்டக்டர் பாடு.

“சர்ட்டிபிகேட் எனக்கு வந்துச்சு, உனக்கு வரல. அந்த எரிச்சல் இன்னும் அடங்கல உனக்கு” என்றார் டிரைவர். “கை கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்திருந்தா நீயும் இன்ஸ்பெக்டர் ஆகியிருப்பே, ஆமை.”

கண்டக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இவரு கை மந்தமா? காய் நறுக்க உக்காந்தா நான் அடுப்பு பத்தவைக்கறதுக்குள்ள எழுந்திரிச்சிடுவாரு” என்றார் உள்ளே இருந்து எட்டிப் பார்த்த கண்டக்டரின் மனைவி.

அடிபட்ட தாளைக் கசக்கிவிட்டு வேறு தாள் கேட்டார் டிரைவர். அந்த அம்மா உள்ளே போய், அலமாரித் தட்டில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்த தாள் ஒன்றை உருவி, உதறிக்கொண்டு வந்தார்.

“பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, எழுதுங்கண்ணே. இது மாதிரி ஒரு கட்டு கெடக்கு.”

கண்டக்டர் எட்டிப் பிடுங்குவதற்குள் டிரைவர் முன்பக்கத்தைத் திருப்பிவிட்டார். பழைய டிரிப் ஷீட்டின் கார்பன் நகல். அச்சுப் போன்ற அதே கையெழுத்து.

‘ஆஸ்பத்திரி நிறுத்தம். தாமதம்: மூன்று நிமிடம். காரணம்: நடத்துநர்.’

‘பள்ளி நிறுத்தம். தாமதம்: நான்கு நிமிடம். காரணம்: நடத்துநர்.’

கடைசி வரி வரைக்கும் அப்படியேதான். பாலம் தாண்டி அவர் மிதித்த மிதியெல்லாம் எங்கே போயிற்றோ, ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்கவில்லை.

டிரைவர் தாளைக் கண்டக்டர் முன்னால் நீட்டினார்.

“எதுக்குய்யா இப்படி எழுதினே?”

“உங்க பேரை எழுதினா உங்கள வேற ரூட்டுக்கு மாத்திடுவாங்கண்ணே. அடுத்து வர்ற டிரைவர் கண்ணாடியப் பாப்பாருன்னு என்ன நிச்சயம்?”

டிரைவர் பேனாவை வாங்கினார். தாளின் வெள்ளைப் பக்கத்தில் பெயரை எழுதினார். வயது எண்பத்தெட்டை விட்டுக்கொடுக்கவில்லை. கீழே ஒரே ஒரு வரி எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்தார். நெஞ்சு நிறைந்தாற்போல இருந்தது. ஓர் எழுத்துகூட மாற்றாமல் படி எடுக்க வேண்டும் என்று சொல்லி, கண்டக்டர் பக்கம் தள்ளினார்.

‘இருபத்தாறு வருடம், தினமும் தாமதம். காரணம்: ஓட்டுநர்.’