குழுக் கூட்டத்தில் ஒரே நாற்காலி

இசக்கிமுத்து அண்ணனுக்கு, செண்பகம் எழுதுவது.

நம் குற்றாலம் விடுதியில் இன்று குழுக் கூட்டம். சன்னலோரம் சமையல் மாஸ்டரான உங்கள் குரல், அடுத்து வரவேற்பறை ரெபேக்காளின் குரல், எதிரே மேலாளரின் குரல். ஆளுக்கொரு பேசும் பெட்டி. நாற்காலியில் உட்கார்ந்தது, அறைகளைக் கவனிக்கும் நான் மட்டும். நீங்களெல்லாம் வேலையைவிட்டுப் போனாலும் நல்ல குழுவைக் கலைக்கக்கூடாதென்று நிர்வாகம் உங்களைப்போலவே பேசும்படி உங்கள் குரல்களைப் பெட்டிகளில் வைத்துக்கொண்டது. இந்த ஆண்டும் சிறந்த குழு விருது நமக்குத்தான்.

"ஏளா, சாப்ட்டியா?" என்றது உங்கள் பெட்டி.

"ஆச்சுண்ணே" என்றேன். நம்பிவிட்டது.

நீங்களாயிருந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லாத" என்று தட்டை நீட்டியிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா? பசியோடு வருவேன்.

உறையை ஒட்டி, தபால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கே கேட்டால், "வாயேன்" என்று பெட்டியே சொல்லிவிடும்.