முட்டை அண்ணன்

முட்டை அண்ணன் அன்றைக்கும் முட்டைதான் வாங்கினார். ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து விடைத்தாளில் அவர் வேறெதையும் பார்த்ததில்லை. பெயர் வந்ததும் அப்படித்தான்.

"காலை வணக்கத்துக்கு என்ன சொல்லணும் சார்?" என்று கேட்டார் டீச்சர்.

மோட்டுவளையைப் பார்த்து நெடுநேரம் யோசித்தவர், இரவு வணக்கத்தைச் சொன்னார். "எனக்கு இன்னும் பொழுது விடியல டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அங்கே படித்த நர்ஸ் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை காத்திருந்தது. ஆரம்பநிலைத் தேர்வில் தேறினால்தான் போக முடியும். அந்த எழுத்துகளைப் பார்த்துத் தலைசுற்றி, முதல் நாளே பையைத் தூக்கியவள்தான் அவள். கடைசி பெஞ்சில் அண்ணன் உளறியதைக் கேட்டு, 'இவருக்கு நாம தேவலை' என்று திரும்ப உட்கார்ந்தாள்.

அண்ணனிடம் ஒழுங்காக இருந்தது செருப்பு ஒன்றுதான். எல்லோரும் வாசலில் உதறிவிட்டு வர, அவர் மட்டும் குனிந்து, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வருவார்.

"எதுக்குண்ணா இது?" என்று கேட்டாள் நர்ஸ்.

"டீச்சர் அடிக்க வந்தா ஓட வசதியா இருக்கும்ல?"

அவர்மேல் இரக்கப்பட்டு, இடைவேளையில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அவரோ குறுக்குக் கேள்வியாகக் கேட்டுக் குடைந்தார். பதில் சொல்வதற்காகவே வீட்டில் உட்கார்ந்து படித்தாள்.

தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். சந்தோஷம் தாங்காமல் சாக்லேட் டப்பாவோடு வகுப்புக்கு ஓடி வந்தால், உள்ளே புது மாணவர்கள். கடைசி பெஞ்சில் அதே அண்ணன், அதே இரவு வணக்கம். அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்த ஒரு பெண், சிரித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சரை ஓரமாக அழைத்தாள்.

"பாவம் டீச்சர், மறுபடியும் முதல்லேர்ந்தா? நான் கிளம்புறதுக்குள்ள அவருக்குத் தனியா சொல்லிக்குடுக்கட்டுமா?"

டீச்சர் சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டே சிரித்தார்.

"வேண்டாம்மா. எனக்கு ஜப்பானீஸ் சொல்லிக்குடுத்ததே அவர்தான்."