வீட்டுப் பக்கம் திரும்பினால்

சிங்காநல்லூர்க் குளத்தைச் சும்மா ஒரு சுற்று சுற்றிவரத்தான் கார்வேந்தன் சைக்கிள் வாங்கினான். இப்போது மூன்றாவது தடவையாக சீட்டை மாற்றச் சொல்லிக் கடை வாசலில் நிற்கிறான்.

"போறப்ப பஞ்சு மெத்தையாட்டம் இருக்குதுங்க. வீட்டுப் பக்கம் திருப்புனா கருங்கல்லாட்டம் இறுகிக்குது."

கடைக்காரர் சீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"சீட் நல்லாத்தானுங்க இருக்குது. உக்காந்தவங்க மனசு நிம்மதியா இருந்தா இளகும், இல்லீன்னா இறுகும். இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான். வீட்ல ஏதாச்சும்...?"

"வீட்ல என்னங்க, ஒரு குறையுமில்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அதே சீட்டோடு கிளம்பினான். வீட்டு கேட் வரைக்கும் நின்றுகொண்டே மிதித்தான்.

கேட்டில் அவன் மனைவி நித்திலா நின்றிருந்தாள். போன வாரம்தான் அவளும் அதே சீட் வைத்த சைக்கிள் வாங்கியிருந்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போலாங்க. உங்க சீட் அப்படி என்னதான் பண்ணுதுன்னு பாத்துப்போடலாம்."

கடைக்காரர் சொன்ன விஷயம் அவளுக்குத் தெரிந்தால் தொலைந்தான்.

மறுநாள் மாலை குளத்தைச் சுற்றிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். சீட் வழக்கம்போல் இறுகியது. கார்வேந்தன் நைசாக எழுந்து நின்று மிதித்தான்.

"ஏனுங்க, குத்துதா?" பின்னாலிருந்து நித்திலா கேட்டாள்.

"சேச்சே, காலுக்கு ஒரு எக்சர்சைஸ். உனக்கு?"

"எனக்கென்ன, மெத்தையாட்டம் இருக்குது."

தப்பித்தோம் என்று திரும்பிப் பார்த்தான். அவளும் நின்றுகொண்டுதான் மிதித்துக்கொண்டிருந்தாள்.