கொப்புளத்துக்கு ஒரு நோட்டீஸ்

"இதைச் சும்மா விடறதா இல்லைங்க. நோட்டீஸ் அனுப்பியே ஆகணும்!"

கணக்கு வாத்தியாரின் நெற்றியில் வரிசையாக நாலு கொப்புளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் மனைவி காலையிலிருந்து இப்படிக் கொதித்துக்கொண்டிருந்தாள்.

"விடும்மா. ரெண்டு நாள்ல ஆறிடும்."

"சலூனுக்குப் போன ஆளை வேக வச்சு அனுப்பியிருக்காரு. விடணுமாம்! அப்படி என்னதான் போட்டாரு?"

"டை," என்றார் வாத்தியார், சுவரைப் பார்த்தபடி.

பச்சைப் பொய். போட்டது டை இல்லை, பசை. வாத்தியாரின் தலையில் அடர்த்தியாக அலையடிக்கும் அந்த முடி அவருடையதே இல்லை, டோப்பா. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சலூன்காரர் அதைக் கழற்றி, அலசி, மறுபடி ஒட்டிவிடுவார். இந்தத் தடவை ஏதோ புதுப் பசை. வாத்தியாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி எட்டு மாதம். முன்பே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போடப் போட விஷயம் பெரிதாகிவிட்டது. குளிக்கப் போனால் உள்ளே தாழ்ப்பாள், படுக்கப் போனால் தலையில் குல்லா. கேட்டால் சைனஸ் என்பார். வழுக்கைத் தலை தெரிந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான்.

மனைவியோ ஏழு வருஷமாக வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். சட்டம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

"புதுசா எதைப் போட்டாலும் முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வச்சு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கணும். பார்த்தாரா?"

"இல்லை."

"சேராமப் போகலாம்னு முன்னாடியே சொன்னாரா?"

"இல்லை. ஆனா ரொம்ப நல்ல மனுஷன்மா!"

"நல்ல மனுஷன் கையால போட்டதும் சுடத்தானே செய்யுது? கிளம்புங்க, வண்டியை எடுக்கறேன்."

வாத்தியார் உள்ளே ஓடினார். செருப்பு தேடுகிற சாக்கில் சலூன்காரருக்கு போன் போட்டார்.

"அண்ணே, அவ வர்றா. பசைன்னு மூச்சு விட்டுடாதீங்க. டைன்னு சொல்லிடுங்க. பழி உங்க மேலதான் விழும், மன்னிச்சுக்கங்க."

"உங்க மானம் என் மானம் சார். நம்பி வாங்க."

சலூனில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி நேராகப் போய் சலூன்காரர் முன்னால் நின்றாள்.

"இவருக்கு என்ன போட்டீங்க?"

"டைதாம்மா. தப்பு என் மேலதான்."

"என்ன கலர்?"

"கறுப்பு," என்றார் வாத்தியார்.

"பிரவுன்," என்றார் சலூன்காரர், அதே நொடியில்.

நுரைக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கறுப்புல கொஞ்சம் பிரவுன்," என்று சலூன்காரர் சமாளித்தார்.

"அந்த பாட்டிலைக் காட்டுங்க. உடம்புல என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கறது எங்க உரிமை."

சலூன்காரர் அலமாரியைக் குடைந்து, கைக்குக் கிடைத்ததை நீட்டினார். மனைவி வாங்கிப் படித்தாள்.

"கண்ணாடி துடைக்கறதுன்னு போட்டிருக்கு."

"பாட்டில் மட்டும்தாம்மா அது. உள்ளே டை."

"நீலமா இருக்கே?"

"குலுக்கினா கறுத்துடும்."

நுரைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்து, நுரையை விழுங்கிவிட்டு இருமினார்.

மனைவி செல்போனைத் தூக்கினாள். "காயத்தை போட்டோ எடுத்துக்கறேன். இப்படித் திரும்புங்க."

வாத்தியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் தாவினார்.

"தலையை யார் கேட்டா? நெத்தி மட்டும் போதும். அடுத்து தோல் டாக்டர்கிட்ட போய் சர்டிபிகேட் வாங்கணும்."

"டாக்டரா? வேண்டாம்! நான் இவரை மன்னிச்சுட்டேன், முழு மனசோட மன்னிச்சுட்டேன்!" என்று வாத்தியார் சலூன்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்காக ஒருத்தி தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க எதிராளியைக் கொஞ்சறீங்க!"

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா என்பது போல நுரைக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியாருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் டோப்பா தப்பித்ததே!

மனைவி கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து சலூன்காரரிடம் கொடுத்தாள்.

"காலையிலயே டைப் பண்ணிட்டேன். மூணே நிபந்தனை. நீங்க மட்டும் படிங்க. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட முடிஞ்சுது. இல்லேன்னா நுகர்வோர் கோர்ட்டுல பார்த்துக்கலாம்."

சொல்லிவிட்டு வண்டியைத் திருப்ப வெளியே போய்விட்டாள்.

சலூன்காரர் கவரைப் பிரித்தார். கோர்ட் என்ற பேச்சைக் கேட்ட பயத்தில் ஒரு எழுத்தும் ஓடவில்லை, காகிதத்தை வாத்தியாரிடம் நீட்டினார்.

"எனக்குக் கண்ணு இருட்டுது சார். நீங்களே படிங்க."

வாத்தியார் வாங்கிப் படித்தார்.

'ஒன்று: என் கணவருக்குப் பழைய பசையையே போட வேண்டும். புதியது எதுவானாலும் சோதித்துப் பார்க்காமல் அவர் தலையில் வைக்கக் கூடாது.'

பசை என்ற இடத்தை வாத்தியார் இரண்டாம் முறையும் படித்தார். வெளியே அவள் ஹாரன் அடித்தாள்.

'இரண்டு: போன தடவை அரை விரல் இடது பக்கமாகச் சாய்த்து ஒட்டிவிட்டீர்கள். மூன்று வாரமும் நான் தலையைச் சாய்த்துக்கொண்டே அவரோடு பேச வேண்டியிருந்தது. இனி நேராக ஒட்டவும்.

மூன்று: எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியவே கூடாது. பாவம், சொல்லக் கூச்சப்படுகிறார். அவராகச் சொல்கிறவரை நான் காத்திருக்கிறேன்.'